சிறு குழந்தைகளோடு சேர்ந்து விளையாட எந்த வீடியோ கேமைத் தேர்ந்தெடுப்பது?

ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அவர்களோடு நீங்கள். மூவரும் ஒரே அணியாக விளையாட எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் தொடங்கியபோது என் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கரை. சில கேம்களை வாங்கி மூலையில் போட்ட பிறகு வந்த அறிவு இது.

பெட்டியின் மேல் இருந்த வயது முத்திரையை நம்பியதுதான் என் முதல் தவறு. பெகி என்பது ஐரோப்பாவில் வீடியோ கேம்களுக்கு வயது குறிக்கும் அமைப்பு; அதன் முத்திரையில் 3 என்று இருந்தால், சிறு குழந்தை பார்க்கக் கூடாதது அதில் இல்லை என்று அர்த்தம். மூன்று வயதுக் குழந்தையால் அதை ஆட முடியும் என்று அர்த்தமில்லை. உள்ளடக்கம் வேறு, கடினம் வேறு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அப்படி வாங்கியதுதான் 2009இல் வந்த நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ. நான்கு பேர் ஒரே திரையில் ஓடலாம். ஆனால் ஒருவர் உடம்பு இன்னொருவர் மேல் இடிக்கும். ஒருவரைத் தூக்கி எறியவும் முடியும். நண்பர்கள் கூடினால் அது பெரும் கொண்டாட்டம். எங்கள் வீட்டிலோ, அக்கா தாவும்போது தம்பி குறுக்கே நிற்பான், இருவரும் பள்ளத்தில் விழுவார்கள், விழுந்த வேகத்தில் கன்ட்ரோலர்களும் விழும். ஆபத்து வந்தால் குமிழிக்குள் புகுந்துகொள்ளலாம் என்று ஒரு வசதி உண்டு. மகன் அதைக் கண்டுபிடித்த பிறகு பெரும்பாலும் குமிழிக்குள்ளேயே மிதந்தான். சேர்ந்து விளையாடுவதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவனோ பயணிபோல வந்துகொண்டிருந்தான். ஒருநாள், “நீயே விளையாடு அப்பா” என்று கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதிலிருந்து வாங்கும் முன் விளையாட்டுக் காணொளி ஒன்றைத் தேடி, ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்கிறேன்: குழுவில் திறமை குறைந்தவர் தவறு செய்தால் என்ன ஆகிறது? மொத்த அணியும் நிலையின் தொடக்கத்துக்குத் திரும்புகிறதா, அவர் மட்டும் வெளியே உட்கார வேண்டுமா, எழுந்து ஓடினால் போதுமா? படம் அழகா, கதை நல்லதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கேள்விக்கு, லெகோ பொம்மைகள் பாத்திரங்களாக வரும் லெகோ கேம்களின் பதில் எனக்குப் பிடிக்கும். செத்தால் சேர்த்த காசுகள் கொஞ்சம் சிதறும்; அடுத்த நொடியே அதே இடத்தில் உயிர் வந்துவிடும். எப்போது வேண்டுமானாலும் ஒருவர் நுழையலாம், விலகலாம். தண்ணீர் குடிக்கப் போனவனுக்காக யாரும் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் 2005இல் வந்த லெகோ ஸ்டார் வார்ஸ் போன்ற பழையவற்றில் இருவருக்கும் ஒரே திரை. ஒருவர் முன்னே ஓடினால் மற்றவரை இழுத்துப்பிடிக்கும் சண்டை வரும். 2009இன் லெகோ இண்டியானா ஜோன்ஸ் 2 முதல், இருவரும் விலகும்போது திரை இரண்டாகப் பிரிந்து, சேரும்போது ஒன்றாகிவிடும். சிறு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, பத்து நிமிடம் ஒரு பூந்தொட்டியை மட்டும் உடைத்துக்கொண்டிருந்த என் மகனிடம் கேட்க வேண்டும். பழைய லெகோ கேம்களில் பாத்திரங்கள் பேசாமல் முனகியும் சைகை காட்டியுமே கதை சொல்வார்கள். வாசிக்கத் தெரியாதவனுக்கு அதுவும் வசதி.

இன்னொரு வழி, சமமில்லாத இருவருக்குச் சமமில்லாத வேலை கொடுப்பது. சூப்பர் மரியோ ஒடிசியில் ஒருவர் மரியோ, மற்றவர் அவருடைய தொப்பி. தொப்பி பறந்து போய் எதிரிகளை அடிக்கும், நாணயம் பொறுக்கும், அதற்கு அடிபடாது. பெரியவர் தொப்பியாக இருந்து குழந்தையைக் காப்பாற்றலாம் என்று திட்டமிட்டேன். மகன் ஒப்புக்கொள்ளவில்லை, தொப்பிதான் வேண்டும் என்றான். சாகாத வேலை எது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

மரியோ வரிசையிலேயே 2023இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டரில் ஒருவரை ஒருவர் இடிக்கும் தொல்லை இல்லை. யோஷி, நாபிட் என்ற பாத்திரங்களில் ஒன்றை எடுத்துக்கொண்ட குழந்தையை எதிரிகளால் ஒன்றும் செய்ய முடியாது. பள்ளத்தில் விழலாம், ஆனால் விழுந்தவர் ஆவியாக வந்து சில நொடிகளுக்குள் துணையைத் தொட்டால் மீண்டும் உயிர். “அப்பா, நில்லு, தொடறேன்!” என்ற கத்தல்தான் எங்கள் வீட்டில் இப்போது அதிகம் கேட்பது. பழைய குமிழிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். மூவரும் ஆட வேண்டும் என்றால் இதிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்வேன்.

உங்கள் எட்டு வயதுக்காரரோடு மட்டும் உட்காரும் நேரத்துக்கு ஸ்னிப்பர்கிளிப்ஸ் நல்லது. காகித உருவங்கள் இரண்டு, ஒன்றை ஒன்று வெட்டி வேண்டிய வடிவத்துக்கு வந்து புதிரை அவிழ்க்க வேண்டும். பேசாமல் ஆடவே முடியாது. தம்பியோடு ஆடினால் புதிரைவிட வெட்டுவதுதான் நடக்கும், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும், எதுவும் தீராது. அதுவும் பரவாயில்லை.

கட்டிகளை அடுக்கி வீடு கட்டும் மைன்கிராஃப்டில் பீஸ்ஃபுல் என்ற அமைதி நிலையை வைத்தால் அரக்கர்கள் வரமாட்டார்கள். ஆனால் அக்கா கட்டிய வீட்டைத் தம்பி இடிப்பதைத் தடுக்கும் நிலை எதையும் நான் கண்டதில்லை. ஓவர்குக்ட் இந்த வயதில் வேண்டாம், தள்ளிப்போடுங்கள். கடிகாரம் ஓட ஓடச் சமைக்க வேண்டும். அதில் அதட்டுபவர் நீங்களாகவே இருப்பீர்கள். நான் இருந்தேன்.

இட் டேக்ஸ் டூ-வைப் பலர் பரிந்துரைப்பார்கள். இருவர் ஆடுவதற்கென்றே செய்த அருமையான வேலைதான். ஆனால் அது விவாகரத்தை நோக்கிப் போகும் பெற்றோரின் கதை. மகளை அழவைப்பதற்காக அவளுடைய செல்ல யானைப் பொம்மையை அவர்களே இழுத்துச் சென்று அழிக்கும் காட்சி ஒன்று வருகிறது. பெகி அதற்கு 12 கொடுத்திருக்கிறது; இந்த இடத்தில் முத்திரையை நம்புங்கள். நானும் மனைவியும் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆடினோம், அந்தக் காட்சிக்குப் பிறகு சற்று நேரம் பேசவில்லை.

கடைசியாக, கேமைப் பற்றியல்லாத ஒன்று. குழந்தை தடுமாறும்போது, “கொடு, நான் தாண்டிவிட்டுத் தருகிறேன்” என்று கன்ட்ரோலரைப் பிடுங்கும் கை உங்களுக்கும் இருக்கும். என் மகன் இப்போது இரண்டு கைகளாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னிடமிருந்து நகர்ந்து உட்கார்ந்துதான் விளையாடுகிறான்.