பதில்: ஏழாம் வகுப்பு வரலாற்றுக் காணொளிகள் வெறும் படத்தொகுப்பாகிவிடுகின்றன

வணக்கம். 'விஜயநகரப் பேரரசு' என்று தலைப்புக் கொடுத்ததும் மாணவர்கள் இணையப் படங்களை ஒட்டி, பின்னணி இசை சேர்த்து, விக்கிப்பீடியாவை வாசித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். குறை மாணவர்களிடம் இல்லை என்றே கருதுகிறேன். அவ்வளவு பெரிய தலைப்புக்கு வேறெப்படியும் மூன்று நிமிடக் காணொளி எடுக்க இயலாது.

தலைப்புக்குப் பதிலாக, நேரில் சென்று பார்த்தால் மட்டுமே விடை கிடைக்கும் ஒரு கேள்வியைக் கொடுங்கள். தாங்கள் பெங்களூரில் இருப்பது நல்வாய்ப்பு. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன; பேகூரில் கிடைத்த ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டுக் கன்னட நடுகல்லோ 'பெங்களூர்ப் போர்' பற்றிப் பேசுகிறது. கன்னட நாட்டின் நடுவே தமிழில் ஏன் பொறித்தார்கள், யாருக்காகப் பொறித்தார்கள் என்று கேட்டால், பிள்ளைகள் கல்லின் அருகே நின்று, இன்றைய எழுத்தோடு ஒப்பிட்டு, அர்ச்சகரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரித்தே தீர வேண்டும்.

ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே அதன் ஆதாரத்தைக் குறித்த கையெழுத்துப்படியைத் தாங்கள் பார்த்து ஒப்புதல் தரும்வரை கைபேசியைத் தொட விடாதீர்கள். மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் அந்தப் படிக்கே போகட்டும். படத்தொகுப்பு அழகுக்கு நான் மதிப்பெண்ணே தருவதில்லை (அதைப் பெரும்பாலும் வீட்டிலுள்ள அண்ணன்மார்தான் செய்து தருகிறார்கள்).