எழுத்துகள் தொலையவில்லை, ஐயா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக்கு 2006இல் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தொடங்கிய இணையத்தளம் ஒன்று உள்ளது. ஊர் வரலாறு, திருவிழாப் படங்கள், காலமானவர்களின் கல்வெட்டுகள் (நினைவு மலர்கள்) எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அண்மையில் தளத்தைப் புதிய சேர்வருக்கு (தளம் தங்கும் கணினிக்கு) மாற்றினோம். படங்கள் ஒழுங்காக வந்துவிட்டன. தமிழ் மட்டும், தலையில் கோடும் தொப்பியும் வைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. எல்லாம் போய்விட்டதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

பதில்: போகவில்லை, ஐயா. நீங்கள் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் பதிலாக மும்மூன்று குறிகள் இருக்கின்றன. அதைப் பார்த்ததும் எனக்கு மனம் ஆறியது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். அந்த மூன்றும் அழியாமல் இருப்பதால்தான் மூன்றாகத் தெரிகின்றன. பதிவுகள் சேமிக்கப்படும் தரவுத்தளத்துக்குள்ளேயே வெறும் கேள்விக்குறிகளாகப் பதிந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். பழைய பேக்கப் இல்லாமல் அதை மீட்க வழியில்லை. தொப்பி எதுவும் இல்லாத சாதாரண ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும் பக்கங்களும் சில இருக்கலாம். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து ஏற்றிய பழைய பக்கமாக இருக்கும். அதற்கு எழுத்துரு மாற்றி போதும்.

உங்களுக்கு நடந்தது இதுதான். 2007இல் வந்த 2.2 பதிப்புக்கு முன்னர் வேர்ட்பிரஸ், எந்த எழுத்து முறையில் சேமிக்க வேண்டும் என்று தரவுத்தளத்துக்குச் சொல்வதில்லை. அந்தத் தரவுத்தளத்தை நடத்தும் மைஎஸ்கியூஎல் மென்பொருள் அக்காலத்தில் தானாகவே லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்து முறை) என்று வைத்துக்கொள்ளும். ஆக, உள்ளே இருப்பது யுடிஎஃப்-8 தமிழ். வெளியே உள்ள பெயர் லத்தீன்-1. சீனி என்று ஒட்டிய போத்தலில் உப்பு இருப்பது போல. வீட்டுக்காரருக்கு அது தெரியும். புதிதாக வந்தவர் தேநீரில் போட்டுவிடுவார். புதிய சேர்வரும் பெயரை நம்பி, லத்தீன்-1 இலிருந்து யுடிஎஃப்-8க்கு மாற்றுவதாக நினைத்து இன்னொரு தடவை மாற்றிவிட்டது.

முதல் வேலை: நிலையத்தில் ஒருவரும் புதிய பதிவு எழுதவோ பழையதைத் திறந்து சேமிக்கவோ கூடாது. சரியான தமிழும் உடைந்த தமிழும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது உடையும். இதைத் தயவுசெய்து இன்றே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, பழைய சேர்வரை உயிரோடு வைத்திருங்கள். ஒரு மாதக் கட்டணம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. அங்கிருந்து தரவுத்தளத்தை மறுபடி எடுக்க வேண்டும். தரவுத்தளத்தைக் கோப்பாக எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையில், இயல்பு எழுத்து முறை என்ற இடத்தில் லத்தீன்-1 என்றே கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். பெயரும் லத்தீன்-1, கேட்பதும் லத்தீன்-1 என்பதால் இடையில் எதுவும் மாறாது. பைட்டுகள் அப்படியே வெளியே வரும். அந்தக் கோப்பை ஒரு எழுத்துத் தொகுப்பியில் யுடிஎஃப்-8 ஆகத் திறந்து பாருங்கள். தமிழ் தமிழாகவே தெரிந்தால் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. பிறகு கோப்பின் தலைப்பகுதியிலும் ஒவ்வொரு அட்டவணையின் வரையறையிலும் லத்தீன்-1 என்று இருக்கும் இடங்களை யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, புதிய சேர்வரில் ஏற்றுங்கள். வெறும் யுடிஎஃப்8 என்று போடாதீர்கள். மைஎஸ்கியூஎல்லில் அது மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும். ஆனால் இமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். யாராவது பின்னூட்டத்தில் ஒரு கும்பிடு போட்டால் அந்த இடத்தோடு வாக்கியம் வெட்டுப்படலாம். வேர்ட்பிரஸும் 2015இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து யுடிஎஃப்8எம்பி4 முறைக்கு மாறிவிட்டது.

இன்னொன்று. முகவரியில் எச்டிடிபி என்று இருந்ததை எச்டிடிபிஎஸ் ஆக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதை அந்தக் கோப்பிலேயே தேடி மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். விட்ஜெட் (பக்கத்தில் வைக்கும் சிறு பெட்டி), தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) அமைப்புகளை வேர்ட்பிரஸ் சேமிக்கும்போது ஒவ்வொரு சொற்றொடரின் நீளத்தையும் பக்கத்திலேயே எண்ணாக எழுதி வைக்கிறது. ஓர் எழுத்து கூடினாலும் எண் பொருந்தாமல் போய், அந்த அமைப்பு முழுவதும் வாசிக்க முடியாததாகிவிடும். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளை அந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும். முதலில் ஒத்திகையாக ஓட்டிப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு.

கல்வெட்டுகளின் அச்சுப் பிரதிகள் நிலையத்தில் இருந்தால் நூலகம் திட்டத்துக்கும் கொடுங்கள். 2005இலிருந்து நம்மவர் நூல்களையும் நினைவு மலர்களையும் மின்னாக்கம் செய்து வருகிறார்கள். ஓர் ஊரின் பெயர்களும் உறவுகளும் ஒரே ஒரு சேர்வரை நம்பி இருக்கக் கூடாது.

கேள்வி: என் சமையல் தளத்துக்கு ஒரு தீம் வாங்கினேன். எழுத்துருவையும் நிறத்தையும் மாற்றினால், அடுத்த அப்டேட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. தமிழும் நெருக்கியடித்துத் தெரிகிறது.
— வாசகி, நெல்லியடி

பதில்: தீமின் கோப்புகளில் கை வைக்காதீர்கள், அக்கா. அப்டேட் வரும்போது அந்தக் கோப்புகள் புதிதாக எழுதப்படும். சைல்ட் தீம் (அந்தத் தீமைச் சார்ந்த துணைத் தீம்) ஒன்று உருவாக்கி உங்கள் மாற்றங்களை அதில் வையுங்கள். நிறமும் எழுத்துருவும் மட்டும்தான் என்றால் வேர்ட்பிரஸில் தோற்றக் குறிப்புகளை எழுதும் கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டியே போதும். அது தரவுத்தளத்தில் இருப்பதால் அப்டேட் தொடாது. நெருக்கத்துக்குக் காரணம் வரி உயரம். ஆங்கிலத்தை மனதில் வைத்து அமைத்த தீம்களில் கொம்பும் சுழியும் மேல்வரியோடு முட்டும். 1.7 வைத்துப் பாருங்கள். எழுத்து இடைவெளியைச் சுழியம் ஆக்குங்கள். இரு ஓரமும் சமன் செய்வதை நிறுத்துங்கள். நம் சொற்கள் நீளமானவை, கைபேசியில் நடுவே பெரிய ஓட்டைகள் விழும். தடித்த வடிவும் தனியாக உள்ள எழுத்துருவை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் அப்படிப்பட்டது. தடித்த வடிவு இல்லாவிட்டால் உலாவி தானே தடிப்பாக்கும். ‘ண’வின் சுழிகள் அடைபட்டுப் போகும்.

கேள்வி: தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி பாதியில் வெட்டுப்படுகிறது. வட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாக நீளமாக வருகிறது.
— மாணவி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்

பதில்: முகவரியில் ஒரு தமிழ்க் குறி ஒன்பது எழுத்தாக விரிகிறது. முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. கணக்குப் பார்த்தால் 22 குறி. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல்லே 11 குறி, தங்கச்சி! முழுத் தலைப்பையும் முகவரியாக விடாமல், ‘பனங்காய்-பணியாரம்’ என்பது போல இரண்டு சொல்லை நீங்களே இடுங்கள். ஆங்கில எழுத்துக்கு ஓடத் தேவையில்லை. ஏற்கெனவே பகிர்ந்த பதிவின் அந்தப் பகுதியை மாற்றினாலும் பழைய முகவரியில் வருபவரை வேர்ட்பிரஸ் புதியதற்கு அனுப்பிவிடும். நிரந்தர இணைப்பின் அமைப்பை (எல்லாப் பதிவுகளின் முகவரி வடிவத்தை) மட்டும் அடிக்கடி மாற்றாதீர்கள்.

கேள்வி: ஒரு பிளகினை (கூடுதல் வசதி தரும் செருகு நிரலை) அப்டேட் செய்த பிறகு தளம் வெள்ளையாக நிற்கிறது.
— தம்பி, சாவகச்சேரி

பதில்: நிர்வாகி மின்னஞ்சலைப் பாருங்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படி விழும்போது மீட்பு இணைப்பு ஒன்றை வேர்ட்பிரஸ் அனுப்புகிறது. வரவில்லை என்றால், கோப்பு நிர்வாகியில் அந்தப் பிளகினின் கோப்புறைக்கு வேறு பெயர் வையுங்கள். அது தானாக நின்றுவிடும்.

கேள்வி: ஊர்ச் சங்கத் தளத்தின் டொமைனை (முகவரிப் பெயரை) ரொறன்ரோவில் இருந்த பெரியப்பாதான் வாங்கி, ஒவ்வொரு வருடமும் பணம் கட்டி வந்தார். அவர் காலமாகிவிட்டார். அடுத்த மாதம் காலக்கெடு முடிகிறது. என்ன செய்வது?
— வாசகர், காரைநகர்

பதில்: உங்கள் துயரில் நானும் பங்கெடுக்கிறேன், தம்பி. பெரியம்மாவுடன் இன்றே பேசுங்கள். பெரியப்பாவின் மின்னஞ்சல் கணக்கையும் கைபேசி எண்ணையும் இப்போதைக்கு மூட வேண்டாம் என்று சொல்லுங்கள். டொமைன் நிறுவனம் அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் அங்கேதான் போகும். மின்னஞ்சலைத் திறக்க முடியாவிட்டால், பெரியம்மா மரணச் சான்றிதழோடு நேரடியாக அந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

முதலில் புதுப்பியுங்கள், பெயர் மாற்றம் அப்புறம். டொட்-கொம் டொமைன் காலாவதியான பிறகு நிறுவனம் தரும் சலுகைக் காலம் முடிந்தால், 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குக் கட்டணம் அதிகம். அதன்பின் 5 நாளில் யாரும் வாங்கலாம். பழைய பெயர்களை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உரிமையாளர் பெயரை மாற்றினால் 60 நாளுக்கு வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாமல் பூட்டு விழலாம். எனவே அதே நிறுவனத்திலேயே சில வருடங்களுக்குச் சேர்த்துக் கட்டுங்கள். 10 வருடம் வரை கட்டலாம். பிறகு சங்கத்தின் பெயருக்கும், தலைவரும் செயலாளரும் திறக்கக்கூடிய ஒரு பொது மின்னஞ்சலுக்கும் மாற்றுங்கள்.

ஹோஸ்டிங்குக்கும் (தளம் தங்கும் சேர்வர் வாடகைக்கும்) அவரது வங்கி அட்டையிலிருந்தே பணம் போனதா என்றும் கேளுங்கள். அது தனிக் கணக்கு, தனித் தேதி. அட்டையை வங்கி நிறுத்துவதற்குள் தரவுத்தளத்தையும் படங்கள் உள்ள அப்லோட்ஸ் கோப்புறையையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.