கார் இல்லாமல் மேடிசனில் காலம் தள்ள முடியுமா? வாசகர் கேள்வி-பதில்

விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனுக்குப் படிக்கவும் ஆராய்ச்சிக்கும் கிளம்புகிறவர்கள் போக்குவரத்து பற்றி நிறையக் கேட்கிறார்கள். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மெண்டோட்டா ஏரி, மறுபக்கம் மொனோனா ஏரி. நடுவில் சுமார் ஒரு மைல் அகலமே உள்ள நிலத்தில் மாநில சட்டமன்றமும் கடைவீதியும் இருக்கின்றன. அதை ஒட்டி மேற்கே பல்கலைக்கழகம். கிழக்கிலிருந்து மேற்கே போகிற எந்த வண்டியும் ஒன்று இந்த இடுக்கைத் தாண்டிப் போக வேண்டும், இல்லையென்றால் தெற்கே பெல்ட்லைன் நெடுஞ்சாலையில் சுற்றிப் போக வேண்டும். அதனால்தான் மையப் பகுதியில் கார் ஊர்ந்துகொண்டே போகிறது, நிறுத்தவும் இடம் கிடைப்பதில்லை. பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் இந்த ஊரில் இவ்வளவு மதிப்பு இருப்பதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்கு வருகிறேன். அமெரிக்காவில் கார் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி என்று சீனியர்கள் சொல்கிறார்கள். வந்தவுடன் பழைய கார் ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. முதல் வருடம் கண்டிப்பாக வேண்டாம். உங்கள் சீனியர்கள் வேறு ஊர்களில் இருந்திருந்தால் அவர்கள் சொன்னது அங்கே சரியாக இருக்கலாம். இங்கே மாணவர்களுக்குக் கேம்பஸுக்குள் பகல்நேர பார்க்கிங் அனுமதி கிடைப்பதே அரிது. கார் வாங்கினாலும் அதை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில்தான் வகுப்புக்குப் போவீர்கள். நகர பஸ்ஸுக்கான பாஸை மாணவர் சங்கமான ஏஎஸ்எம் ஒவ்வொரு செமஸ்டரும் கொடுக்கிறது. கல்விக் கட்டணத்தோடு சேர்த்து நீங்கள் கட்டுகிற தொகையிலேயே அதற்கான பணம் அடங்கியிருக்கிறது. அதை வாங்காமல் விட்டால் கட்டிய பணம் வீண். வந்த முதல் வாரமே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரைவிட நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியது வீட்டைப் பற்றி. வாடகை கொஞ்சம் குறைவு என்று பஸ் சரியாக வராத மூலையில் வீடு எடுக்கிறவர்கள்தான் ஆறு மாதத்தில் கார் வாங்க ஓடுகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த முகவரியிலிருந்து உங்கள் துறைக் கட்டடத்துக்கு பஸ் நேரம் தேடிப் பாருங்கள். திங்கள் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். ஞாயிறு மாலைக்கும், வார நாளில் இரவு பத்து மணிக்கும் பாருங்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து நீங்கள் திரும்பப் போவது அந்த நேரத்தில்தான். யூனிவர்சிட்டி அவென்யூ, ஷெபாய்கன் அவென்யூ பக்கம் இருந்தால் கவலை இல்லை. ரேப்பிட் ஏ என்ற விரைவு பஸ் அந்த வழியாகவே போகிறது.

இன்னொன்று. இங்கே கேம்பஸைச் சுற்றியுள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றின் ஒப்பந்தம் ஆகஸ்ட் 14இல் முடிந்து 15இல் புதிதாகத் தொடங்கும். அந்த இரண்டு நாளும் தெருவெல்லாம் சோபாவும் மெத்தையும் லாரியுமாக இருக்கும். பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் இடையில் ஓர் இரவு தங்க இடமில்லாமல் போகிறவர்களும் உண்டு. முடிந்தால் 16ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வந்து சேருங்கள்.

கேள்வி: என் மகள் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் தனியாக, இரண்டு பெரிய பெட்டிகளோடு இறங்குகிறாள். அங்கிருந்து மேடிசன் போவது பாதுகாப்பா?

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா, ஏராளமான மாணவர்கள் போகிற பாதைதான் இது. ஓஹேரிலிருந்து மேடிசன் சுமார் 130 மைல். வான் கால்டர் என்ற பஸ் நேராகப் பல்கலைக்கழகப் பகுதிக்கே கொண்டுவந்து விடுகிறது. சுமார் மூன்று மணி நேரம் ஆகும். பெட்டிகளை அடியில் வைத்துக்கொள்வார்கள். விமானம் இறங்கும் நேரத்துக்கும் பஸ் கிளம்பும் நேரத்துக்கும் நடுவே இரண்டரை மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் வாங்குங்கள். ஆகஸ்டில் குடிவரவு வரிசை நீளமாக இருக்கும், அதற்குப் பிறகு பெட்டிகளும் வர வேண்டும். பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்பதை டிக்கெட்டிலேயே பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இறங்கியவுடன் போனில் இணையம் வரும் என்று நம்ப முடியாது.

விமானம் நள்ளிரவை ஒட்டி வருவதாக இருந்தால் அன்றே கிளம்ப வேண்டாம், விமான நிலையம் அருகே தங்கிக் காலையில் புறப்படலாம். மேடிசனிலேயே டேன் கவுண்டி விமான நிலையம் இருக்கிறது. சிகாகோவிலோ வேறு ஊரிலோ மாறி அங்கேயே வந்து இறங்கும்படி டிக்கெட் கிடைத்தால், கட்டண வித்தியாசம் பெரிதாக இல்லாதவரை, முதல் பயணத்துக்கு அதையே எடுங்கள். நகர மையத்திலிருந்து அது சில மைல் தூரம்தான்.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஊபர் அல்லது டாக்சி பிடிக்கலாம். இங்குள்ள யூனியன் கேப், ஓட்டுநர்களும் ஊழியர்களுமே உரிமையாளர்களாக 1979இல் தொடங்கி நடத்திவரும் கூட்டுறவு நிறுவனம். எனக்கு அதன்மீது தனி மரியாதை உண்டு.

கேள்வி: மாநிலத் தலைநகரம், இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம். ஆனால் ரயில் டிக்கெட் தேடினால் மேடிசன் என்ற நிலையமே வரவில்லையே?

பதில்: இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. 1971இல் ஆம்ட்ராக் நிறுவனம் நாட்டின் பயணிகள் ரயில்களை எடுத்து நடத்தத் தொடங்கியபோது மேடிசனுக்கு வந்துகொண்டிருந்த ரயில் நின்றது. வெஸ்ட் வாஷிங்டன் அவென்யூவில் பழைய நிலையக் கட்டடம் இன்னும் இருக்கிறது, பயணிகள் ரயில்தான் இல்லை.

திரும்பி வருவதற்கு ஒரு நல்ல வாய்ப்பு 2010இல் கைக்கு எட்டியது. மில்வாக்கியிலிருந்து மேடிசனுக்கு ரயில் விட மத்திய அரசு சுமார் 81 கோடி டாலர் ஒதுக்கியது. மொனோனா ஏரிக்கரையில் நிலையம் கட்டுவதாகத் திட்டம். அந்த நவம்பரில் ஆளுநர் தேர்தலில் வென்ற ஸ்காட் வாக்கர், ரயிலை நடத்தும் செலவு மாநிலத்தின் தலையில் விழும் என்று சொல்லி அதை எதிர்த்தே பிரசாரம் செய்திருந்தார். டிசம்பரில் மத்திய அரசு பணத்தைத் திரும்ப எடுத்து வேறு மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டது. நடத்தும் செலவு பற்றிய கேள்வி நியாயமானதுதான். ஆனால் 80 மைல் தூரத்தில் இருக்கும் மாநிலத்தின் இரண்டு பெரிய நகரங்களை இணைக்கக் கிடைத்த பணத்தை விட்டது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன். கார் ஓட்டாத மாணவர்களும் முதியவர்களும் அதன் விலையை இன்றும் கொடுக்கிறார்கள்.

சரி, இப்போது என்ன வழி? மிக அருகில் உள்ள நிலையம் சுமார் 30 மைல் வடகிழக்கே கொலம்பஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. சிகாகோவிலிருந்து சியாட்டில், போர்ட்லண்ட் வரை போகும் எம்பயர் பில்டரும், 2024 மே மாதம் தொடங்கிய சிகாகோ-செயின்ட் பால் ரயிலான போரியாலிஸும் அங்கே நிற்கும். ஆனால் மேடிசன் நகர பஸ் அங்கே போகாது, யாராவது காரில் கொண்டுபோய் விட வேண்டும். மினசோட்டா பக்கம் போகிறவர்களுக்கு அது பயன்படும். சிகாகோவுக்கு வான் கால்டரே போதும், நகருக்குள் யூனியன் ஸ்டேஷன் வரை போகிறது. ரயிலில்தான் போக வேண்டும் என்று ஆசையாக இருந்தால் பேட்ஜர் பஸ்ஸில் மில்வாக்கி ரயில் நிலையம் போய் ஹையவாதா என்ற ரயிலில் ஏறுங்கள். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சிகாகோ.

கேள்வி: ஈகிள் ஹைட்ஸ் குடியிருப்பில் வீடு கிடைத்திருக்கிறது. எனக்கு பாஸ் உண்டு, என் மனைவிக்கு இல்லை. குழந்தையோடு அவள் எப்படி வெளியே போய்வருவாள்?

பதில்: 80ஆம் எண் பஸ்ஸை அவருக்கு முதலில் அறிமுகப்படுத்துங்கள். ஈகிள் ஹைட்ஸிலிருந்து கேம்பஸ் முழுவதையும் தொட்டுக்கொண்டு மெமோரியல் யூனியன் என்ற மாணவர் மையம் வரை போகும் பஸ் அது. எல்லோருக்கும் இலவசம், அடையாள அட்டை எதுவும் கேட்க மாட்டார்கள். யூனியனில் இறங்கினால் ஏரிக்கரை, நூலகம், ஸ்டேட் தெரு எல்லாம் நடக்கிற தூரம். செமஸ்டர் விடுமுறையில் மட்டும் 80 குறைவாக ஓடும், அட்டவணையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மளிகைக்கும் துணிமணிக்கும் மேற்குப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். கேம்பஸில் ரேப்பிட் ஏ-க்கு மாறினால் ஹில்டேல், வெஸ்ட் டவுன் இரண்டு கடைவளாகங்களுக்கும் அதுவே போகும். பெரியவர்களுக்கு 2 டாலர் கட்டணம். நீளமான மின்சார பஸ், நடைமேடையும் பஸ்ஸின் தரையும் ஏறக்குறைய ஒரே உயரம், அதனால் குழந்தை வண்டியை மடக்காமல் உருட்டிக்கொண்டே ஏறலாம். முதல் இரண்டு மூன்று தடவை நீங்களும் கூடப் போங்கள். மொழியும் ஊரும் புதிதாக இருக்கும்போது வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுவது மிக எளிது. தனியாக பஸ் ஏறிப் போய்வர முடிகிறது என்பதே அவருக்குப் பெரிய தெம்பைக் கொடுக்கும்.

கேள்வி: பனிக்காலத்திலும் சைக்கிள் ஓட்டுகிறார்களாமே, உண்மையா? நம்மால் முடியுமா?

பதில்: உண்மைதான். முடியும், ஆனால் முதல் குளிர்காலத்திலேயே செய்து காட்ட வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை தாராளமாக ஓட்டுங்கள். அமெரிக்க சைக்கிள் ஓட்டுநர் கழகம் இந்த ஊருக்கு 2015இல் பிளாட்டினம் தகுதி கொடுத்தது. ஊரின் குறுக்கே போகும் சவுத்வெஸ்ட் பாதையும் கேப்பிடல் சிட்டி பாதையும் பெரும்பாலும் கார் வராத தனிப் பாதைகள்.

கேம்பஸின் வடக்கு விளிம்பில் மெண்டோட்டா கரையோரம் போகும் பாதைக்கு ஹோவர்ட் டெமின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1975இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவர். அந்த வழியாகத்தான் சைக்கிளில் வேலைக்குப் போவார். பல இடங்களில் தார் போடாத சரளைப் பாதை, அகலமான டயர் நல்லது.

ரீஜென்ட் தெருப் பக்கம் பழைய சைக்கிள் வாங்கலாம். சைக்கிள் விலையில் கஞ்சத்தனம் செய்தாலும் பூட்டில் செய்யாதீர்கள். கெட்டியான யூ-லாக் வாங்கி, சக்கரத்தை மட்டும் பூட்டாமல் சைக்கிளின் ஃபிரேமையும் சேர்த்துப் பூட்டுங்கள். இரவில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சொந்தமாக வாங்க விருப்பமில்லை என்றால் பி-சைக்கிள் என்ற வாடகை மின்சைக்கிள்கள் உண்டு. 2019இலேயே எல்லா வண்டிகளையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடுங்குளிர் மாதங்களில் அந்தச் சேவையை நிறுத்திவைப்பார்கள்.

டிசம்பருக்குப் பிறகு? சைக்கிள் பாதைகளிலும் நகராட்சி பனியைத் தள்ளிவிடுகிறது. பயப்பட வேண்டியது பனிக்கு அல்ல, உருகி மறுபடி உறைந்த கண்ணாடிப் பனிக்கட்டிக்குத்தான். ஆணி பதித்த டயர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். சாலையில் தூவும் உப்பு சங்கிலியை அரித்துவிடும், அடிக்கடி துடைத்து எண்ணெய் விட வேண்டும். 2019 ஜனவரிக் கடைசியில் துருவக் குளிர் வந்தபோது வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. அப்படிப்பட்ட நாளில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதே ஆபத்து. போனில் பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு, கடைசி நிமிடத்தில் கிளம்புங்கள்.

கேள்வி: என் அண்ணன் 2019இல் அங்கே படித்தான். அவன் எழுதிக் கொடுத்த பஸ் எண்கள் எதுவும் வரைபடத்தில் இல்லை.

பதில்: 2023 ஜூனில் நகர பஸ் வழித்தடங்களை அடியோடு மாற்றிவிட்டார்கள். பஸ் மாறி ஏறும் பழைய நிலையங்கள் போய்விட்டன, முக்கிய வழிகளுக்கு எண்ணுக்குப் பதில் எழுத்து வந்துவிட்டது. ரேப்பிட் ஏ 2024 செப்டம்பரில் வந்தது. அதற்கு முந்தைய குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள், 80ஐத் தவிர.

கேள்வி: கார் வாங்கிவிட்டேன். வீட்டு வாசலில், தடைப் பலகை எதுவும் இல்லாத இடத்தில் இரவு நிறுத்தினேன். காலையில் அபராதச் சீட்டு! என்ன தவறு?

பதில்: நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, அதிகாலை ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரை தெருவின் ஒரு பக்கம்தான் நிறுத்தலாம். பனி தள்ளும் வண்டிக்கு மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை வீட்டு எண்கள் உள்ள பக்கம், ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படைப் பக்கம். பலரும் ஏமாறுவது தேதியில்தான். இரவு பத்து மணிக்கு நிறுத்தும்போது அன்றைய தேதியைப் பார்க்கக் கூடாது, விடியப்போகும் தேதியைப் பார்க்க வேண்டும். நகர மையத்திலும் கேம்பஸ் பக்கமும் பனி அவசரநிலை அறிவிக்கும் இரவுகளில் மட்டும் இந்த விதி. உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது என்று நகராட்சி வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் வாங்கியதால் இன்னொன்றும் கேட்கிறேன்: இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு எடுத்தீர்கள்? சட்டப்படி குறைந்தபட்சம் ஒருவரின் காயத்துக்கு 25,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 50,000, பொருள்சேதத்துக்கு 10,000. இந்த ஊர் மருத்துவச் செலவுக்கு அது போதவே போதாது. தயவுசெய்து கூட்டி எடுங்கள்.

கேள்வி: இந்திய லைசென்ஸை வைத்து ஓட்டலாமா?

பதில்: விஸ்கான்சினில் வந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை ஓட்டலாம், லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லையென்றால் சர்வதேச அனுமதியோ மொழிபெயர்ப்போ கூடவே வேண்டும். அந்த ஒரு வருடத்துக்குள் இங்கே தேர்வு எழுதி வாங்கிவிடுங்கள். சிவப்பு விளக்கு மின்னும் பள்ளி பஸ்ஸைக் கண்டால் 20 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை இன்றே மனதில் வையுங்கள்.

கேள்வி: அக்டோபரில் மகனைப் பார்க்க வருகிறோம். ஒரு சனிக்கிழமை மட்டும்தான் கைவசம். அன்று ஊர் சுற்ற முடியுமா?

பதில்: முதலில் அன்று பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி உள்ளூரில் நடக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். கேம்ப் ரேண்டல் அரங்கில் 75,000 பேருக்கு மேல் உட்காரலாம், அது கேம்பஸின் நடுவிலேயே இருக்கிறது. போட்டி நாளில் ரீஜென்ட், மன்ரோ தெருக்கள் நிரம்பி வழியும், பஸ்கள் பாதை மாறும், டாக்சிக் கட்டணம் ஏறும். சட்டமன்றத்தைச் சுற்றி சனிக்கிழமை காலை உழவர் சந்தையும் இருப்பதால் அங்கேயும் சில நிறுத்தங்கள் இடம் மாறும். காலையில் சந்தையைப் பார்த்துவிட்டு, ஸ்டேட் தெரு வழியாக ஏரிக்கரைக்கு நடந்தே போங்கள். சுமார் ஒரு மைல்தான். போட்டி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து விடுதிக்குத் திரும்பினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.