டோடோ போனால் மரமும் போகுமா?

கேள்வி: எங்கள் பள்ளி நாற்றங்காலில் இலுப்பைக் கொட்டை ஊன்றப் போகிறோம். மொரீஷியஸில் டோடோ பறவை அழிந்ததால் தம்பலகோக் மரம் முளைக்காமலே போனது என்று படித்தோம். இதைப் பலகையில் எழுதி வைக்கலாமா? இலுப்பைக் கொட்டையையும் தேய்த்துத்தான் ஊன்ற வேண்டுமா?

பதில்: பலகையில் அப்படி எழுத வேண்டாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்காது.

1977-ல் ஸ்டான்லி டெம்பிள் என்ற பறவையியலாளர் சொன்னது இது. மிஞ்சியவை 13 மரங்கள், எல்லாம் 300 வயதைத் தாண்டியவை. டோடோ அழிந்ததும் 17ஆம் நூற்றாண்டில். அந்தப் பறவையின் வயிற்றில் கொட்டையின் ஓடு தேய்ந்தால்தான் முளைக்கும் என்றார். டோடோவுக்குப் பதில் வான்கோழிக்கு 17 கொட்டைகளை ஊட்டினார். 7 நொறுங்கின. மீதி 10-ல் 3 முளைத்தன.

சரி, வான்கோழி வயிற்றுக்குள் போகாத கொட்டை முளைக்காதா? அதைப் பக்கத்தில் ஊன்றிப் பார்க்கவே இல்லை. ஓட்டைத் தேய்க்காமலே முளைத்ததை 1941-லேயே ஹில் என்பவர் பதிவு செய்திருந்தார். ஓட்டைச் சுற்றி ஒரு வலுவற்ற கோடு உண்டு. உள்ளே பருப்பு ஊதும்போது அந்தக் கோட்டில் தானாகப் பிளக்கும். வயதுக் கணக்கும் ஆட்டம் கண்டது. இந்த மரத்தில் ஆண்டு வளையம் கிடையாது, 300 என்பது ஊகம்தான். பிறகு இளைய மரங்களும் கண்ணில் பட்டன.

டோடோ அந்தப் பழத்தைத் தின்றிருக்கலாம், கொட்டையைத் தூரத்தில் போட்டும் இருக்கலாம். ஆனால் பறவை போய் மூன்றரை நூற்றாண்டாகியும் மரம் இருக்கிறதே! அது அரிதானதற்குக் காடழிப்பும், மனிதர்கள் கொண்டுவந்த பன்றி, குரங்கு, மான், எலியுமே பெரிய காரணங்கள். பலகையில் அதை எழுதுங்கள்.

இலுப்பையும் தம்பலகோக்கும் ஒரே குடும்பம் (சப்போட்டாவும்தான்), ஆனால் இலுப்பையின் ஓடு மெல்லியது, தேய்க்கத் தேவையில்லை. வௌவால் சதையைச் சப்பிவிட்டுக் கீழே போட்ட கொட்டையே முளைக்கிறது. அதற்கு எதிரி தாமதம்தான். எண்ணெய் மிகுந்த பருப்பு என்பதால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். பழம் விழுந்த சில நாட்களுக்குள் சதையை நீக்கி, கழுவி, ஊன்றிவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்காதீர்கள்.

அப்புறம், சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு பாத்தியில் 20 கொட்டை தேய்த்து, இன்னொன்றில் 20 தேய்க்காமல், ஒரே நாளில் ஊன்றுங்கள். முளைத்ததைப் பிள்ளைகளே எண்ணட்டும்.