சிஸ்டம்டி புதிய பதிப்புகள்: கேள்வி பதில்

சிஸ்டம்டி என்பது லினக்ஸ் கணினியைத் தொடங்கி, அதில் சர்வீஸ்களை நடத்தும் மென்பொருள். டெபியன் என்ற லினக்ஸின் 12ஆம் பதிப்பில் இருந்தது சிஸ்டம்டி 252. டெபியன் 13இல் இருப்பது 257. நடுவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மாறியதெல்லாம் ஒரே அப்கிரேடில் வந்து இறங்குகிறது. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, டெபியன் 13க்கு மாறியபின் டெம்ப் கோப்புறையில் 6 ஜிபி டேட்டாபேஸ் டம்ப் எடுத்தேன். இடமில்லை என்று பாதியில் நின்றுவிட்டது. டிஸ்கில் 200 ஜிபி காலியாக இருக்கிறது. சர்வரின் ராம் 8 ஜிபி.

நீங்கள் எழுதியது டிஸ்கில் அல்ல, ராமில். டெபியன் 13 முதல் டெம்ப் கோப்புறை டிஎம்பிஎஃப்எஸ், அதாவது ராமிலேயே இருக்கும் கோப்பு அமைப்பு, ஆகிவிட்டது. மொத்த ராமில் பாதிதான் அதன் உச்ச வரம்பு, உங்களுக்கு 4 ஜிபி. பெரிய டம்ப்பை வார் கோப்புறைக்குள் இருக்கும் டெம்பில் எடுங்கள், அது இன்னமும் டிஸ்க்தான். பழையபடியே வேண்டுமென்றால் டெம்ப் மவுண்ட் யூனிட்டை (அந்த இணைப்பைச் செய்யும் சிஸ்டம்டி கோப்பை) மாஸ்க் செய்து முடக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

புதிதாக நிறுவியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெம்பில் 10 நாள், வார் டெம்பில் 30 நாள் யாரும் தொடாத கோப்புகள் தானாக அழியும். பேக்கப்பை அங்கே விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: மேடம், சிகுரூப் முதல் பதிப்பை எடுத்துவிட்டார்களாமே? எங்களிடம் பழைய ஜாவா 8 அப்ளிகேஷன்கள் கன்டெய்னரில் ஓடுகின்றன.

ஆமாம். சிகுரூப் என்பது ப்ராசஸ்களுக்கு மெமரி, சிபியு வரம்பு வைக்கும் கர்னல் வசதி. சிஸ்டம்டி 256இலேயே கர்னல் கமாண்ட் லைனில் வலிந்து கேட்டால்தான் பழைய சிகுரூப்பில் பூட் ஆகும் என்று ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் வந்த 258இல் அந்தக் கோடையே நீக்கிவிட்டார்கள். மவுண்ட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். சிகுரூப்2 என்ற ஒரே வரி வந்தால் கவலை இல்லை. வெறும் சிகுரூப் என்று பல வரிகள் வந்தால் இன்னும் பழையதில் இருக்கிறீர்கள்.

உங்கள் ஜாவா விஷயம்தான் எனக்குக் கவலை. ஜாவா நிரல்களை ஓட்டும் பழைய ஜேவிஎம்முக்குச் சிகுரூப்2இன் மெமரி வரம்பைப் படிக்கத் தெரியாது. கன்டெய்னருக்கு 2 ஜிபிதான் கொடுத்திருந்தாலும், ஹோஸ்ட்டின் மொத்த ராமைப் பார்த்து அதில் கால் பங்குவரை ஹீப் (தன் தரவுக்கான மெமரி) எடுக்கப் போகும். வரம்பைத் தாண்டியதும் கர்னல் அதைக் கொன்றுவிடும். எங்கள் குழுவிலும் ஒரு சர்வரில் இது நடந்தது. லாகில் ஜாவா பிழை ஒன்றுமே இல்லாததால் காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. ஜாவா 8இல் 372வது அப்டேட், ஜாவா 11இல் 11.0.16, இவற்றிலிருந்து சிகுரூப்2 ஆதரவு உண்டு. சிஸ்டம்டியைத் தொடும் முன் ஜாவாவை ஏற்றுங்கள்.

கேள்வி: எக்ஸ்இசட் பின்கதவு சிஸ்டம்டியால்தானே வந்தது?

எக்ஸ்இசட் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள். அதில் பின்கதவை, அதாவது திருட்டு நுழைவை, வைத்தது சிஸ்டம்டி அல்ல. ஆனால் அது, தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் சர்வர்வரை போய்ச் சேர்ந்த வழியில் சிஸ்டம்டியின் நூலகம் ஒரு படிக்கட்டாக இருந்தது உண்மை.

ஓபன்எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. 'நான் தயார்' என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டெபியன், ஃபெடோரா போன்றவை ஓபன்எஸ்எஸ்எச்சின் சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டியில் ஒரு பேட்ச் போட்டு, சிஸ்டம்டியின் நூலகமான லிப்சிஸ்டம்டியை இணைத்திருந்தன. சிஸ்டம்டியின் லாகான ஜர்னலின் சுருக்கிய பதிவுகளைப் படிக்க லிப்சிஸ்டம்டிக்கு, எக்ஸ்இசட்டின் நூலகமான லிப்எல்இசட்எம்ஏ வேண்டும். ஆக, ஜர்னலையே படிக்காத எஸ்எஸ்எச்டிக்குள்ளும் அந்த நூலகம் ஏறிவிட்டது. எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 இரண்டிலும் நஞ்சு இருந்தது. லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார்.

256இல் லிப்சிஸ்டம்டி இந்தச் சுருக்க நூலகங்களைத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் டிஎல்ஓபன் (ஓடும்போதே நூலகத்தைத் திறக்கும் வசதி) வழியாக ஏற்றுகிறது. இந்த மாற்றம் பின்கதவு வெளிவருவதற்கு முன்பே கோடில் சேர்ந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்து, 'தயார்' செய்தி அனுப்ப எந்த நூலகமும் தேவையில்லை. சூழல் மாறியில் இருக்கும் சாக்கெட் முகவரிக்கு ஒரு சின்ன வரி அனுப்பினால் போதும். 2024 ஜூலையில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.8 அப்படித்தான் செய்கிறது. நீங்கள் சர்வீஸ் எழுதுபவரானால் அதையே பின்பற்றுங்கள். ஒரு வரி அனுப்புவதற்காக ஒரு நூலகத்தையே உள்ளே விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சிஸ்டம்டியின் ரன்0 வந்துவிட்டதே, ரூட் (நிர்வாகி) அனுமதியில் கட்டளை ஓட்டும் சூடோவைத் தூக்கிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். சூடோயர்ஸ் கோப்பில் நீங்கள் எழுதிவைத்த விதிகளை ரன்0 படிக்காது, அனுமதி போல்கிட் என்ற தனி அனுமதிச் சேவை வழியாகத்தான். ஆனால் அதன் அடிப்படை எனக்குப் பிடித்திருக்கிறது. சூடோ ஒரு செட்யுஐடி நிரல், யார் ஓட்டினாலும் ரூட் உரிமையோடு ஓடும். உங்கள் ஷெல்லின் சூழலைச் சுமந்துகொண்டே ரூட் ஆகி, பிறகு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ரன்0 அப்படியல்ல, முதல் ப்ராசஸான சிஸ்டம்டியிடம் சொல்லிப் புதிதாக ஒரு சர்வீஸைத் தொடங்க வைக்கிறது. டெர்மினல் பின்னணி சிவப்பாக மாறுவதால் ரூட்டில் இருப்பதும் மறக்காது.

கேள்வி: டெம்ப்ஃபைல்ஸ் கட்டளையால் ஹோம் கோப்புறை அழிந்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான். டெம்ப்ஃபைல்ஸ், கான்ஃபிக் கோப்புகளில் உள்ள பட்டியல்படி கோப்புறைகளை உருவாக்கும், சுத்தம் செய்யும் சிஸ்டம்டி கட்டளை. 256இல், பட்டியலில் உள்ளதை அழிக்கும் பர்ஜ் என்ற தேர்வு அதில் வந்தது. டெம்ப்ஃபைல்ஸ் உருவாக்கும் பட்டியலில் ஹோமும் இருப்பதால், பர்ஜ் அதையும் அழித்தது. பெயரில் 'டெம்ப்' என்று இருக்கும் கட்டளை ஹோமைத் தொடும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? இதை வடிவமைப்புப் பிழை என்றே சொல்வேன். 256.1 முதல், எந்த கான்ஃபிக் கோப்பு என்று பெயர் கொடுக்காமல் பர்ஜ் ஓடாது.

கேள்வி: அண்ணன் எழுதிவைத்த இனிட்.டி ஸ்கிரிப்ட்கள் (சர்வீஸ்களைத் தொடங்கும் பழைய முறை) ஐந்தாறு இருக்கின்றன. இன்னும் ஓடுமா?

257இல் ஓடும். ஆனால் 2023இலேயே 254இல் காலாவதி அறிவிப்பு வந்துவிட்டது. 259இன் வெளியீட்டுக் குறிப்பு, 260இல் நீக்கப்படும் என்கிறது. இப்போதே சிஸ்டம்டியின் யூனிட் கோப்பாக மாற்றிவிடுங்கள் தம்பி. ஸ்கிரிப்ட்டை வரிக்கு வரி பெயர்க்க வேண்டாம். பின்னணிக்குப் போவது, பிஐடி (ப்ராசஸ் எண்) கோப்பு எழுதுவது, லாகைத் திருப்புவது எல்லாம் சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும். நிரலை முன்னணியில் ஓட்டும் ஒரே கட்டளையைக் கண்டுபிடித்து சர்வீஸ் பகுதியில் போடுங்கள். நாற்பது வரி ஸ்கிரிப்ட் பெரும்பாலும் பத்து வரிக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். சிஸ்டம்டி கோடைப் படிக்க எங்கே தொடங்குவது?

முதல் ப்ராசஸின் கோடில் தொடங்காதீர்கள், திணறிப்போவீர்கள். மூலக்கோடில் ஏசி-பவர் என்று ஒரு குட்டி நிரல் இருக்கிறது. கணினி மின்சாரத்தில் ஓடுகிறதா, பேட்டரியில் ஓடுகிறதா என்று மட்டும் சொல்லும். ஒரு மாலையில் படித்துவிடலாம். மீசான், நிஞ்சா என்ற பில்ட் கருவிகள் இரண்டையும் நிறுவி அதை பில்ட் செய்து, சார்ஜரைப் பிடுங்கி ஓட்டிப் பாருங்கள். அடுத்த கேள்வியை அதிலிருந்தே கேளுங்கள்.