யானைக்குப் பிடிப்பதும் நமக்குப் பிடிப்பதும் ஒரே மதமா?

கேள்வி: யானைக்கு மதம் பிடித்தால் காடு தாங்காது, மனிதனுக்குப் பிடித்தால் நாடு தாங்காது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இரண்டு மதமும் ஒரே சொல்தானா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

இல்லை. கைதட்டல் வாங்கித் தரும் வரிதான், ஆனால் அது எழுத்து செய்த குறும்பு. வடமொழியில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். 'தந்தை' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் 'த' ஒலிப்பது ஒரு மாதிரி, இரண்டாவது 'தை' ஒலிப்பது வேறு மாதிரி. நாம் பின்பற்றும் மதத்தில் இருப்பது அந்த முதல் ஒலி, யானையின் மதத்தில் இருப்பது இரண்டாவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் யானையும் நாமும் ஒரே வரியில் மாட்டிக்கொண்டோம். மலையாளத்தில் தனித்தனி எழுத்து, அதனால் அங்கே இந்தச் சிலேடை எழுத்தில் நிற்காது.

யானையின் மதம் வெறி, போதை. நம்முடையது 'நினைத்தல்' என்ற வேரிலிருந்து வந்தது. மனம், அறிவைக் குறிக்கும் மதி எல்லாம் அதே வேர்தான். ஆக மதம் என்றால் ஒருவர் நினைப்பது, அவருடைய கருத்து, அவ்வளவுதான். 'சம்மதம்' என்று தினமும் சொல்கிறோமே, அதற்குள் இருப்பதும் இதே மதம். இந்தியில் ஓட்டுப்போடுவதை 'மத்தான்' என்பார்கள், கருத்தைக் கொடுப்பது என்று பொருள்.

வடக்கே போவானேன், நன்னூலே இருக்கிறது. பவணந்தி முனிவர் பாயிரத்தில் 'எழுவகை மதம்' என்று ஒரு பட்டியல் தருகிறார். பள்ளியில் இதைக் கேட்டதும் இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்து முதுகில் ஒன்று வாங்கியவன் நான். அவர் சொல்வது ஒரு நூலாசிரியன் அடுத்தவர் கருத்தை எப்படி எதிர்கொள்ளலாம் என்பதைத்தான்: ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம், இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணியலாம், இப்படி ஏழு. மறுப்பதும் ஒரு வகை மதம் என்று இலக்கணமே சொல்கிறது பாருங்கள்!

கேள்வி: 'ரிலிஜன்' என்றால் 'கடவுளோடு மீண்டும் இணைப்பது' என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். சரியா?
(ஒரு வாசகி, கோவை)

அது இரண்டு விளக்கங்களில் ஒன்று, அதிலும் பிந்தியது. மூலச் சொல் லத்தீனில் 'ரெலிகியோ'. கிறிஸ்துவுக்கு முன் 45-ஆம் ஆண்டு வாக்கில் ரோமானிய எழுத்தாளர் சிசரோ கடவுளரின் இயல்பு பற்றி ஓர் உரையாடல் நூல் எழுதினார். அதில் வரும் ஒருவர் இதை 'ரெலெகேரெ' என்ற வினையோடு சேர்க்கிறார். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது, மறுபடி வாசிப்பது என்று பொருள். வழிபாட்டுக்கு உரியவற்றை விடாமல் கவனமாகத் திருப்பிப் பார்ப்பவர்தான் பக்திமான். தன் பிள்ளைகள் தனக்குப் பின்னும் உயிரோடிருக்க வேண்டும் என்று நாள் முழுக்க வேண்டிக்கொண்டும் பலியிட்டுக்கொண்டும் இருப்பவருக்கு அவர் வைக்கும் பெயர் வேறு, மூடநம்பிக்கைக்காரர். எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, பிள்ளைக்காக வேண்டாத அம்மா எங்கே இருக்கிறாள்?

இணைப்பது என்ற விளக்கம் சுமார் 350 ஆண்டு கழித்து, கிறிஸ்தவ எழுத்தாளர் லக்டான்ஷியஸ் சொன்னது. 'ரெலிகாரெ', அதாவது கட்டுவது. கடவுளோடு மனிதனைக் கட்டும் கயிறு. முழங்காலில் லிகமெண்ட் கிழிந்துவிட்டது என்கிறோமே, அந்த 'லிக'தான் இது. எது சரி என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அப்புறம், ரோமர்களுக்கு அந்தச் சொல் ஓர் அமைப்பின் பெயரே இல்லை. தவறு செய்துவிடக் கூடாதே என்ற அச்சம், கூச்சம், கடமையுணர்வு, இதெல்லாம்தான் ரெலிகியோ. ஆங்கிலத்துக்கு 1200 வாக்கில் வந்தபோதும் முதலில் மடத்துத் துறவிகளின் வாழ்க்கையைத்தான் குறித்தது. 'உன் ரிலிஜன் எது, என் ரிலிஜன் எது' என்று பன்மையில் கேட்கும் பழக்கம் ஐரோப்பாவில் கிறிஸ்தவம் இரண்டுபட்டு அடித்துக்கொண்ட 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பரவியது. ஜப்பான் 1858-இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டபோது இந்தச் சொல்லுக்கு நேரான சொல் இல்லாமல் மொழிபெயர்ப்பாளர்கள் திண்டாடினார்கள். இன்று அங்கே வழங்கும் 'சூக்யோ' இந்தப் பொருளில் நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'சமயபாடம்' படித்தவர்கள். தமிழ்நாட்டில் எல்லாவற்றுக்கும் மதம் என்கிறீர்கள். எது சரி?
(ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

உங்களுடையதற்குத் தமிழ் இலக்கியத்தில் நல்ல சாட்சி இருக்கிறது. மணிமேகலையின் 27-ஆம் காதைக்குப் பெயரே 'சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை'. வஞ்சி நகரில் மணிமேகலை சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி (சமணர்) என்று ஒவ்வொருவராகப் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கடைசியில் வருபவர் பூதவாதி, கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்காதவர், மறுபிறவி எல்லாம் பொய் என்கிறவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது: உன் தாய் தந்தையை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு ஒத்துவராவிட்டாலும் அவரும் சமயக்கணக்கர் வரிசையில்தான் நிற்கிறார், நூலை எழுதிய சாத்தனார் அவரை வெளியே தள்ளவில்லை.

சமயமும் வடசொல்தான். ஒன்றுகூடி வருவது, அதிலிருந்து உடன்படிக்கை, மரபு. 'சமயம் பார்த்து வந்தான்' என்கிற சமயமும் அதே சொல்லே. எனவே சரி, தவறு இல்லை, வழக்கம்தான். எனக்கு மட்டும் சமயம் என்றால் காதுக்கு இதமாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் பாட்டி கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்பார். அப்படியானால் வேதம் யாருடையது?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

உங்கள் பாட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தெற்கே சர்ச்சை வேதக்கோயில் என்பதும், மதம் மாறியவரை 'வேதத்தில் சேர்ந்துவிட்டார்' என்பதும் பழைய வழக்கம். அங்கே வேதம் என்றால் பைபிள். தமிழ் முஸ்லிம்கள் மதம் என்பதைவிட 'மார்க்கம்' என்பதையே அதிகம் சொல்வார்கள். வழி என்று பொருள். அதுவும் வடசொல், மதத்தைக் குறிக்கும் 'தீன்' என்ற அரபுச் சொல்லோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் நாத்திகமும் ஒரு மதமா?
(ஒரு வாசகர், சேலம்)

நன்னூல்படி ஆமாம். விண்ணப்பப் படிவத்தில் எழுதிப் பாருங்கள், கவுன்டரில் இருப்பவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்கு ஒருமுறை கொடுத்திருக்கிறார்.