ஏர் சஸ்பென்ஷன் இருந்தும் கார் தூக்கிப்போடுவது ஏன்?

கேள்வி: தக்கலையில் வசிக்கிறேன். 2012 மாடல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கியபோது மெத்தென்று ஓடியது. தோற்றத்துக்காக 18 அங்குல ரிம்களைக் கழற்றிவிட்டு நான்கு சக்கரத்திலும் 20 அங்குலம் போட்டேன். பழைய டயர் 255/45, இப்போது 255/35. அதே வாரம் முன்சக்கரங்களைக் காரோடு பிணைக்கும் லோயர் ஆர்ம்களையும் மாற்றினார்கள். அதன்பிறகு ஒட்டுப்போட்ட சாலையில்கூட ஸ்டீயரிங் வரை அடிக்கிறது. கம்ஃபர்ட், ஸ்போர்ட் எதில் வைத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. பட்டறையில் நான்கு ஏர் ஸ்ட்ரட்களும் போய்விட்டன என்கிறார்கள். இன்னொருவர் காயில் ஸ்பிரிங் போட்டுவிடச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். ஏர் ஸ்ட்ரட் என்பது காற்று நிரப்பிய ரப்பர் பையான ஏர் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது. ஏர் ஸ்பிரிங் கெட்டால் கார் முதலில் தாழும். அந்த ரப்பர் பையில் (பெல்லோஸ்) வெடிப்பு விழுந்தால் இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு மூலை சரிந்து நிற்கும். இழந்த காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். காற்று அறவே இறங்கி கார் கடைசித் தடையான பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துவிட்டால் அடி நேராக உடம்புக்கு ஏறும் என்பது உண்மை. ஆனால் அந்த நிலையில் கார் நிற்கும் நிலையே காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கேள்வியில் தாழ்வதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்ல நிலையில் இருந்த நான்கு ஸ்ட்ரட்களும், டயர் மாற்றிய வாரத்திலேயே பேசிவைத்ததுபோல் சேர்ந்து கெட்டன என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

முதல் சந்தேகம் டயர்மீதுதான். டயர் சைஸில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்பது, ‘ஆர்’ எழுத்துக்குப் பின்னால் வருவது ரிம்மின் அங்குலம். 255/45 ஆர்18 டயரின் பக்கச்சுவர் உயரம் ஏறத்தாழ 115 மில்லிமீட்டர். 255/35 ஆர்20 டயரில் அது 89 மில்லிமீட்டர். மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டும், சக்கரம் எங்கும் உரசாது, கடைக்காரரும் ‘கச்சிதமான சைஸ்’ என்று மனசாட்சி உறுத்தாமல் சொல்லலாம். ஆனால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே வளைந்துகொடுத்த ரப்பரில் 26 மில்லிமீட்டர் போய்விட்டது. தார் ஒட்டு, மேன்ஹோல் மூடி, பாலத்தின் இணைப்பு இரும்பு போன்ற கூர்மையான சிறு விளிம்புகளை முதலில் விழுங்க வேண்டியது டயர்தான். அவற்றின் அடி அவ்வளவு வேகமாக வருவதால் ஏர் ஸ்பிரிங் முழுமையாகக் கைகொடுக்க முடியாது. ஏர் ஸ்பிரிங் தன் திறமையைக் காட்டுவது பெரிய மேடு பள்ளங்களிலும் அலைபோன்ற சாலையிலும்தான்.

‘அப்படியானால் காற்றைக் குறைத்துக்கொள்கிறேன்’ என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். டயரின் பக்கச்சுவரில் சைஸுக்குப் பின்னால் சுமைக் குறியீட்டு எண் ஒன்று இருக்கும். 99 என்றால் ஒரு டயர் 775 கிலோ தாங்கும். 97 என்றால் 730 கிலோ. 255/45 ஆர்18 பொதுவாக 99 குறியீட்டுடன் வரும். சாதாரண டயராக இருந்தால் அந்த முழுச் சுமையைத் தாங்க 36 பி.எஸ்.ஐ. போதும். 255/35 ஆர்20 பொதுவாக 97 எக்ஸ்.எல். (கூடுதல் சுமை வகை) என்று வரும், அது தன் முழுச் சுமையைத் தாங்க 42 பி.எஸ்.ஐ. வேண்டும். இரண்டு டன்னை ஒட்டிய எடை கொண்ட கார் உங்களுடையது. பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டவணை, தொழிற்சாலையில் பொருத்திய சைஸ்களுக்கானது. 20 அங்குல டயரில் சொகுசுக்காகக் காற்றைக் குறைத்தால் முதல் பெரிய குழியிலேயே ரிம் வளையும், அல்லது பக்கச்சுவர் புடைக்கும். சரியாக நிரப்பினால் இடுப்பு வலிக்கும். நடுவழி கிடையாது.

நல்லவேளையாக, இதைச் சோதித்துப் பார்க்கச் செலவு இல்லை. பழைய 18 அங்குலச் சக்கரங்களை விற்றிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவற்றை மாட்டி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அட்டவணைப்படி காற்று நிரப்பி, மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல் ஒருமுறை போய் வாருங்கள். இணைப்புகளைத் தாண்டும்போது எழும் ‘டக்’ ஒலி எவ்வளவு மாறியிருக்கிறது என்று கவனியுங்கள். ஓட்டுவதற்கு வேறொருவரை வைத்துக்கொண்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருவது நல்லது. எஸ்-கிளாஸ் வாங்குவதே பின்னால் உட்காரத்தானே. முன், பின் இரண்டு அடிகளும் மென்மையானால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். பின்பக்கம் மட்டும் மென்மையாகி, முன்பக்கம் இன்னும் விறைப்பாக அடித்தால் அடுத்த சந்தேகத்துக்குப் போக வேண்டும். பழைய டயரைத் திரும்பப் போடும் முன் அதன் பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்கத் தேதியைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் முதுமையில் இறுகும். அத்தனை பழையது சோதனைக்குக்கூட வேண்டாம்.

அடுத்த சந்தேகம், அந்த லோயர் ஆர்ம். பட்டறைகளில் அதிகம் பேசப்படாத விஷயம் இது. ஆர்ம் காரோடு சேரும் இடத்திலுள்ள புஷ்ஷில் வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஒரு குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடிபடும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது வழுக்குவது எதுவும் இல்லை. ரப்பர்தான் முறுகி முறுகித் திரும்புகிறது. ஆகவே கார் தன் இயல்பான உயரத்தில் நிற்கும் நிலையில் வைத்துத்தான் அந்தப் போல்ட்டை இறுதியாக முறுக்க வேண்டும். லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். கேட்காத கூடுதல் ஸ்பிரிங் ஒன்று வந்து சேரும். ஓட்டம் விறைக்கும், நாளடைவில் புஷ்ஷும் கிழியும். வேலை செய்தவரிடம் ‘முறுக்கும்போது சக்கரம் தொங்கியதா, தரையில் நின்றதா?’ என்று மட்டும் கேளுங்கள். தொங்கியது என்றால், இயல்பு உயரத்துக்குச் சக்கரத்தைத் தாங்கி, போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் ரப்பரில் கிழிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பிறகு வீல் அலைன்மென்ட். ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஏர் சஸ்பென்ஷன் கார் எந்த நேரத்திலும் தானாக இறங்கலாம். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் தலையை நீட்டக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

கம்ஃபர்ட் பொத்தானுக்கு வருகிறேன். அது மாற்றுவது ஷாக் அப்சார்பரின் எண்ணெய் வால்வை, டயரை அல்ல. அதனால் சின்ன ஒட்டுகளில் வித்தியாசம் தெரியாததை வைத்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம். நீளமான ஏற்ற இறக்கம் உள்ள சாலையில் நிதான வேகத்தில் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் மட்டும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வேண்டாம். கணவாய்க் காற்று காரை ஆட்டுகிறதா, சாலை ஆட்டுகிறதா என்று பிரித்தறிய முடியாது. அங்கும் இரண்டு நிலையும் ஒன்றுபோலவே இருந்தால் மின்கோளாறைச் சந்தேகிக்கலாம். இத்தகைய பல அமைப்புகளில் வால்வுக்கு மின்சாரம் நின்றால், பாதுகாப்பு கருதி ஷாக் அப்சார்பர் கடினமான நிலைக்கே போய்விடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் கார்களில் கனெக்டர் முனைகள் பச்சை பூத்துப்போவது சகஜம். விளக்கு எரியவில்லை என்பது முழு ஆறுதல் அல்ல. முந்தைய உரிமையாளர் வால்வு இல்லாத மலிவு ஸ்ட்ரட்டைப் போட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டரைக் கோத்திருக்கவும் கூடும். வாங்கியபோது மெத்தென்று ஓடியதால் உங்கள் காரில் அதற்கு வாய்ப்பு குறைவு. ஸ்கேனர் போடும்போது பதிவான கோளாறுகளோடு நின்றுவிடாமல், நான்கு வால்வுகளுக்கும் செல்லும் மின்னோட்டத்தை நேரலையில் காட்டச் சொல்லுங்கள்.

உயரத்தையும் அளந்துவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, சமதரையில், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப் பிடித்து நான்கு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி அளந்தால் கசிவு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். நம் ஊர் வேகத்தடைகளுக்குப் பயந்து உயர்த்தும் பொத்தானை நிரந்தரமாகவே போட்டுவைப்பவர்கள் உண்டு. குறிப்பிட்ட வேகம் தாண்டினால் கார் தானாக இறங்கிவிடும்தான். தக்கலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே அந்த வேகம் எங்கே வருகிறது? உயர்ந்த நிலையில் சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது எல்லையைத் தொட்டு ‘டக்’ என்று இழுக்கும். ஆர்ம் மாற்றியபோது உயர சென்சாரின் சிறு கம்பி வளைந்திருந்தாலும் இதே கதைதான். கார் தன் உயரத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளும்.

காயில் ஸ்பிரிங் யோசனை, காற்று நிரப்பி நிரப்பிச் சலித்தவர்களுக்கானது. உங்கள் காரில் காற்று இறங்குவதாக நீங்கள் சொல்லவே இல்லை. மாற்றினால், ஏற்றிய சுமைக்கேற்ப மட்டம் பிடிக்கும் வசதி போகும். 20 அங்குல டயர் அப்போதும் அதேபோல் அடிக்கும்.

ஸ்ட்ரட் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று பட்டறையில் மறுபடியும் சொன்னால், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்: எண்ணெய்க் கசிவா, இரவில் தாழ்வதா, வால்வின் கோளாறுப் பதிவா? மூன்றில் ஒன்றைக் கண்ணால் காட்டினால், அந்த அச்சின் இரண்டு பக்கத்தை மட்டும் ஜோடியாக மாற்றுங்கள். மாற்றியபின் உயரத்தை ஸ்கேனரில் மறுபடி அளவீடு செய்து தரும் இடத்தில்தான் வேலையைக் கொடுங்கள். அந்த வசதி அருகில் இல்லையென்றால், திருவனந்தபுரம் வரை போவது வீண்செலவு அல்ல.